வாய்ப்புண் ஆறவில்லை, ஆனாலும் டாக்டரிடம் போகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் முன் நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. எல்லாரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை முதல் தடவை எப்போது கவனித்தீர்கள்?" பதில் "ஒரு ரெண்டு வாரமா" என்று தொடங்கும். பேசப் பேச அது இரண்டு மாதமாகும், சிலருக்கு ஆறு மாதமாகும். யாரும் பொய் சொல்வதில்லை. தேதி உண்மையிலேயே நினைவில் இருப்பதில்லை. அந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாதாரண வாய்ப்புண்ணுக்கும் புற்றுநோய்ப் புண்ணுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

கண்ணாடி முன் நின்று உறுதியாகச் சொல்ல முடியாது. பல சமயம் டாக்டராலேயே பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆனால் நாள் கணக்கு நிறையச் சொல்லும். உடம்பில் சீக்கிரம் ஆறும் இடங்களில் வாயின் உள்தோலும் ஒன்று. கடித்துக்கொண்ட காயம், சூடு பட்ட காயம், அவ்வப்போது வரும் சிறு வெள்ளைப் புண் எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை, காரணம் எதுவாகத் தோன்றினாலும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வாரத்திலேயே போய்விட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது இடம். சாதாரணப் புண் இந்த முறை உதட்டில் வரும், அடுத்த முறை கன்னத்தில் வரும், நாக்கு பட்டாலே சுள்ளென்று வலிக்கும். கவலைப்பட வேண்டிய புண் ஒரே இடத்தில் தங்கிவிடும். ஓரம் தடித்திருக்கும், விரலால் தொட்டால் அடியில் கெட்டியாகத் தட்டுப்படும், லேசாக உரசினாலே ரத்தம் கசியும். இவை எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாள் கணக்கு ஒன்று போதும்.

புண்ணே இல்லாம வேற மாதிரி தெரியுமா?

தெரியும். தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம் ஒன்று. சிவந்த, வெல்வெட் போன்ற திட்டு இன்னொன்று. சிவப்புத் திட்டு வெள்ளையைவிட அபூர்வம், ஆனால் அதில் புற்றுநோய் மாற்றம் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தாலும் அப்படித்தான்.

மற்றவை வாய்க்குச் சம்பந்தமில்லாததுபோல் வருவதால் ஏமாற்றும். ஈறு நோய் இல்லாமல் ஒரே ஒரு பல் ஆடும். பல் பிடுங்கிய குழி ஆறாது. நேற்றுவரை பொருந்திய பல்செட் இன்று பொருந்தாது. ஒரு பக்கக் காது மட்டும் வலிக்கும், காதைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. கீழுதடு மரத்துப்போகும். கழுத்தில் நெறி கட்டியது போல ஒரு கட்டி வரும், வலிக்காது, கரையவும் செய்யாது. வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியாமல் போனால் கவனியுங்கள்.

வலியே இல்லையே, அப்புறம் எதுக்கு டாக்டர்கிட்ட போகணும்?

தாமதத்துக்கு நான் கேட்ட காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான். தப்பு அவர்கள்மேல் இல்லை. வலித்தால் ஏதோ பிரச்சினை, வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்றுதான் உடம்பு நமக்கு வாழ்நாள் முழுவதும் பழக்கியிருக்கிறது. வாய்ப் புற்றுநோயில் இந்தப் பாடம் தலைகீழாகிவிடும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, அல்லது லேசான உறுத்தல்தான் இருக்கும். நோய் ஆழமாக இறங்கி நரம்பைத் தொடும்போதும், புண்ணில் கிருமி சேரும்போதும்தான் வலி பெரிதாகும்.

அதனால் "வலிக்கட்டும், போகலாம்" என்று காத்திருப்பவர், தனக்குத் தெரியாமலே நோய் முற்றும்வரை காத்திருக்கிறார். இரண்டு வாரம் தாண்டியும் வலிக்காமல் இருக்கும் புண்ணை நான் வலிக்கும் புண்ணைவிடக் கூடுதல் அக்கறையோடு பார்க்கச் சொல்வேன்.

இவ்வளவு நாள் எப்படிச் சும்மா இருந்தாங்க? அலட்சியம்தானே?

பெரும்பாலும் இல்லை. அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. புண் வந்ததும் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள்: கடித்துக்கொண்டேன், உடம்புச் சூடு, சத்துக் குறைவு. அந்தக் காரணத்துக்கு ஏற்ற வைத்தியம் செய்து இரண்டு வாரம் பார்க்கிறார்கள். ஆறவில்லை. அடுத்த காரணம், அடுத்த வைத்தியம், இன்னும் இரண்டு வாரம். ஒவ்வொரு தடவையும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயமானது. கூட்டிப் பார்த்தால் நான்கு மாதம்.

இதை ஆராய்ச்சியாளர்களும் கவனித்திருக்கிறார்கள். நோயாளியின் தாமதத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஒரு விளக்க மாதிரி (மாடல்), மற்றப் புற்றுநோய்களை வைத்து 1990-களிலேயே வந்தது. "எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை" என்ற முடிவுக்கு வரும் படி, "டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று தீர்மானிக்கும் படி, நேரம் வாங்கும் படி, உண்மையில் போய் உட்காரும் படி என்று அது போகும். அதிக நாள் வீணாவது முதல் படியில்தான். வாய்ப் புற்றுநோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேர், அறிகுறியைத் தாங்களே கண்ட பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அதனால்தான் நான் எல்லாரிடமும் கேட்பது ஒரே ஒரு காரியம்: புண்ணைப் பார்த்த அன்றே தேதியை எழுதி வையுங்கள். காலண்டரிலோ போனிலோ, எங்கே வேண்டுமானாலும். காரணம் எத்தனை முறை மாறினாலும் அந்தத் தேதியை மாற்றாதீர்கள்.

கூரான பல் குத்திக் குத்தித்தான் புண் வந்திருக்கு. பல்லை ராவினா சரியாயிடாதா?

சரியாகலாம். ராவிவிட்ட பிறகு, அல்லது பல்செட்டின் உறுத்தும் ஓரத்தைச் சரிசெய்த பிறகு, அந்தக் காரணத்தால் வந்த புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிட வேண்டும். ஆறாவிட்டால் பல் காரணம் இல்லை, அல்லது பல் மட்டும் காரணம் இல்லை. அடுத்தது பயாப்சி, அதாவது புண்ணிலிருந்து சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பது.

சில சமயம் கதை நேர்மாறாக இருக்கும். பல் அதே இடத்தில் இருபது வருடமாக இருந்திருக்கும். அடியில் கட்டி வளர்ந்து நாக்கைப் பல்லோடு நெருக்குவதால் இப்போது உரசும். "பல் இருபது வருஷமா இருக்கு, புண் ஏன் இப்ப வந்தது?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

மருந்துக்கடையில ஜெல் வாங்கித் தடவினேன், குறைஞ்ச மாதிரி இருக்கு. அப்ப பயம் இல்லைதானே?

குறைந்தது எது என்று பாருங்கள். பல ஜெல்களில் மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கும், எரிச்சல் அடங்கும். ஸ்டீராய்டு கலந்தது சுற்றியிருக்கும் வீக்கத்தையும் சிவப்பையும் குறைக்கும். ஆன்டிபயாடிக் மேலே சேர்ந்த கிருமியை ஒடுக்கும். மூன்றும் உண்மையிலேயே நிம்மதி தரும். அடியில் புற்றுநோய் இருந்தால் மூன்றும் அதைத் தொடாது. கொஞ்சம் குறைந்து, நிறுத்தியதும் திரும்ப வந்தால் ஆறவில்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் எழுதி வைத்த தேதியே தொடர்கிறது.

வைட்டமின் மாத்திரைக்கும் இதேதான். சத்துக் குறைவால் வரும் புண்கள் உண்டு, ஆனால் அவை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதில்லை. எரிக்கும் பொருள் எதையும் புண்மேல் வைத்துச் சுட வேண்டாம். சுட்ட புண்ணும் பழைய புண்ணும் கலந்துபோய், டாக்டருக்குப் பார்க்கக் கடினமாகிவிடும்.

புகையிலை போடறது வீட்டுக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட போனா எல்லாம் வெளிய வந்துடுமே?

இதைக் கேட்டவர்கள் எல்லாருமே குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். பழக்கத்தை மறைத்தவர், புண்ணையும் மறைக்க வேண்டியதாகிறது. யாரிடமும் சொல்லாத புண்ணை "போய்க் காட்டு" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ரொம்பத் தாமதமாக வந்தவர்களில் இப்படித் தனியாகச் சுமந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்ட எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

தனியாகவே போங்கள், தப்பில்லை. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்வதை அவர் உங்கள் அனுமதியில்லாமல் குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது என்பது அவருடைய தொழில் நெறி. ஆனால் அவரிடம் மட்டும் மறைக்காதீர்கள். எந்தப் பக்கம் அடக்குகிறீர்கள், எத்தனை வருடமாக என்று தெரிந்தால் அவர் அந்த இடத்தை இன்னும் உற்றுப் பார்ப்பார்.

எனக்குப் புகையிலையும் இல்லை, குடியும் இல்லை. எனக்கு வராதுதானே?

வாய்ப்பு குறைவு, பூஜ்யம் இல்லை. புகை, மெல்லும் புகையிலை, மது, பாக்கு நான்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியாகியிருக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கும் அந்தப் பட்டியலில் உண்டு, பலருக்கு இது தெரியாது. புகையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து தனித்தனி ஆபத்துகளைக் கூட்டியதைவிட அதிகம்.

எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும், இளம் வயதினருக்கும் நாக்கின் ஓரத்தில் வருகிறது. தொண்டைப் பக்கம், அதாவது நாக்கின் அடிப்பகுதியிலும் டான்சிலிலும் வருவதற்கு எச்.பி.வி. வைரஸ் ஒரு முக்கியக் காரணம். அங்கே பல சமயம் முதல் அறிகுறி கழுத்துக் கட்டிதான். பழக்கம் இல்லாதவர்களின் தாமதம் வேறு மாதிரி. "எனக்கு எப்படி?" என்று அவரும் நினைப்பார், பார்க்கிற டாக்டரும் நினைத்துவிடுவார்.

சிகரெட்டை விட்டப்புறம்தான் புண்ணே வந்தது. விட்டது தப்போ?

விட்டது சரிதான். புகையை நிறுத்திய முதல் சில வாரங்களில் சிலருக்குச் சின்னச் சின்ன வாய்ப்புண்கள் வருவது தெரிந்த விஷயம். அவை முதல் பதிலில் சொன்ன சாதாரண வகை, தானாக ஆறும். இதற்காகத் திரும்பப் பிடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். ஆனால் "விட்டதால் வந்த புண்" என்ற இந்தப் பெயரும் தள்ளிப்போட ஒரு காரணமாகிவிடக் கூடாது. இதற்கும் தேதி எழுதுங்கள்.

பயாப்சி எடுத்தா, கத்தி பட்டதும் பரவிடும்னு சொல்றாங்களே?

வாய்ப்புண்ணில் முறையாக எடுக்கும் பயாப்சியால் நோய் பரவிக் கெடுதல் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது என்று எனக்குப் புரிகிறது. ஒருவர் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வருகிறார், பயாப்சி எடுக்கிறார்கள், நோய் முற்றியது என்று அப்போதுதான் தெரிகிறது, சில மாதத்தில் நிலைமை மோசமாகிறது. பார்த்தவர்களுக்குப் பயாப்சிக்கு முன், பயாப்சிக்குப் பின் என்றுதான் நினைவில் நிற்கும். அதற்கு முந்தைய மாதங்கள் அவர்கள் கண்ணில் படவில்லை.

செய்யும் முறை எளிது. மரத்துப்போக ஊசி போடுவார்கள், புண்ணின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் சதை எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். அது இல்லாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்க முடியாது.

யாரைப் பார்க்கணும்? பல்லே இல்லாதவருக்குப் பல் டாக்டர் எதுக்கு?

பல் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், வாய் முக அறுவைச் சிகிச்சை டாக்டர், யாராக இருந்தாலும் முதல் பார்வைக்குச் சரி. யார் சீக்கிரம் கிடைக்கிறாரோ அவரிடம் போங்கள். பல் டாக்டர் பல்லை மட்டும் பார்ப்பவர் இல்லை, நாக்கு, கன்னம், அண்ணம் எல்லாம் அவர் பார்வைக்குள் வருபவைதான். பல் போன பெரியவர்கள் பல வருடமாக யாரிடமும் வாயைக் காட்டியே இருக்கமாட்டார்கள். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

கண்டுபிடிச்சா முகத்தையே வெட்டிடுவாங்க. அதுக்குத் தெரியாமலே இருந்துடலாமே?

இந்தப் பயத்தை நான் லேசாகப் பேசமாட்டேன். முகமும் பேச்சும் சாப்பாடும் சம்பந்தப்பட்டது, பயம் வருவது இயல்பு. ஆனால் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கட்டியின் அளவும் ஆழமும்தான். குறுக்களவு 2 சென்டிமீட்டருக்குள், ஆழம் 5 மில்லிமீட்டருக்குள், கழுத்துக்குப் பரவாமல் இருந்தால் அது முதல் நிலை. நாக்கின் ஓரத்தில் அப்படி ஒரு கட்டியை எடுத்தவர்கள் பெரும்பாலும் பிறகு நன்றாகப் பேசுகிறார்கள். அதே கட்டி தாடை எலும்புக்குள் இறங்கிய பிறகு வந்தால் எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும், பிறகு கதிர்வீச்சும் சேரும். எதற்குப் பயந்து போகாமல் இருக்கிறோமோ, அது போகாமல் இருப்பதால்தான் பெரும்பாலும் நடக்கிறது.

உயிர் பிழைப்பதும் அப்படித்தான். பரவாத தொடக்க நிலையில் சிகிச்சை எடுத்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பிறகு இது பாதிக்கும் கீழே போய்விடும்.

அப்பா எவ்வளவு சொன்னாலும் வரமாட்டேங்கிறார். என்ன செய்யறது?

"புற்றுநோயா இருக்கப்போகுது" என்று பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே பயந்தவர் இன்னும் ஒளிந்துகொள்வார். பழக்கத்தைச் சொல்லித் திட்டுவதும் அப்படித்தான். "இந்தப் புண் வந்து எத்தனை நாள் ஆச்சுப்பா?" என்று கேட்டு, அவர் வாயாலேயே நாளைச் சொல்ல வையுங்கள். "சரி, இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், ஆறலைன்னா சனிக்கிழமை காலையில நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று ஒரு நாளைப் பேசி முடியுங்கள். டாக்டரிடம் நேரம் வாங்குவது, வண்டி, வேலைக்கு லீவு, வீட்டில் அவர் கவனித்துக்கொள்ளும் ஆளை அன்று பார்த்துக்கொள்ள வேறொருவர் எல்லாவற்றையும் நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள். வரமாட்டேன் என்று சொல்பவர்களில் பலர் "நான் இல்லாம அன்னைக்கு யார் பார்ப்பா?" என்றுதான் தயங்குகிறார்கள், அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு மருந்து எழுதிக் குடுத்தார். ஆனா ஆறலையே?

தாமதம் நோயாளியால் மட்டும் வருவதில்லை. ஒரு டாக்டரிடம் வரும் வாய்ப்புண்களில் மிகப் பெரும்பாலானவை சாதாரணமானவை, அதனால் முதல் தடவை மருந்து எழுதுவதில் தப்பில்லை. கிளம்பும் முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எத்தனை நாளில் ஆறவில்லை என்றால் திரும்ப வர வேண்டும்? அப்போது என்ன செய்வீர்கள்?" அந்த நாளில் ஆறாவிட்டால் திரும்பப் போங்கள். மறுபடியும் அதே மருந்து என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். தேதி போட்டு எடுத்த போன் படங்கள் இருந்தால் காட்டுங்கள். நிஜமாகவே உதவும்.

வீட்டிலேயே மாசம் ஒரு தடவை பார்த்துக்கலாமா?

பாருங்கள். நல்ல வெளிச்சம், கண்ணாடி, பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். உதட்டை மடித்து உள்பக்கம், கன்னங்களின் உள்பக்கம், ஈறு, அண்ணம் பாருங்கள். சுத்தமான துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இரண்டு ஓரங்களையும் பின்பக்கம் வரை பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியில் பாருங்கள். நாக்கின் ஓரமும் அடியும்தான் பலர் விட்டுவிடும் இடங்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள்.

பயிற்சி பெற்றவர் பார்ப்பது இதைவிட மேல். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து கண்ணால் வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வெளிவந்தது. பழக்கம் உள்ளவர்கள் வீட்டுப் பரிசோதனையோடு நிறுத்திவிட வேண்டாம்.

ஆறு மாசம் ஆயிடுச்சு. இப்ப போனா திட்டுதான் விழும், இனி போய் என்ன ஆகப்போகுது?

திட்டு விழலாம், அது ஐந்து நிமிடம். ஆறு மாதமான புண் எல்லாம் புற்றுநோய் இல்லை. புற்றுநோயாகவே இருந்தாலும், பெரிதாக வளர்ந்து கழுத்துக்கு வந்த நிலையிலும் அறுவை, கதிர்வீச்சு, மருந்து சேர்த்துக் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தருகிறார்கள். குணமாக்க முடியாத நிலையிலும் வலியையும் ரத்தக்கசிவையும் கட்டுப்படுத்த நிறைய வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஏழு மாதத்துக்கும் நடுவில் வித்தியாசம் உண்டு. போனதும் "ஆறு மாசமா இருக்கு, பயந்துட்டு வரலை" என்று அப்படியே சொல்லுங்கள். நாளைக் குறைத்துச் சொன்னால், அவர் இதைப் புதுப் புண் என்று நினைத்து மருந்து எழுதி அனுப்பிவிடலாம்.

பயாப்சி நார்மல்னு வந்தது. ஆனா புண் அப்படியே இருக்கு. இனி நிம்மதியா இருக்கலாமா?

இன்னும் இல்லை. பயாப்சி சொல்வது எடுத்த அந்தச் சிறு துண்டைப் பற்றி மட்டும்தான். மேலாக எடுத்திருந்தாலோ, சீழ் படிந்த நடுப்பகுதியிலிருந்து எடுத்திருந்தாலோ, நோய் இருக்கும் இடம் தவறியிருக்கலாம். புண் ஆறாமல், அல்லது பெரிதாகிக்கொண்டு இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். ரிப்போர்ட்டில் "டிஸ்பிளேசியா" என்று இருந்தால் அது புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்று அர்த்தம். எடுத்துவிடுவதா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுவதா என்று அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேறு டாக்டரிடம் போவதானால் ரிப்போர்ட் தாளோடு, பரிசோதனைக் கூடத்தில் எடுத்த துண்டைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஸ்லைடையும் (கண்ணாடித் தகடு) மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். புது டாக்டர் பழைய துண்டையே திரும்பப் பார்க்கச் சொல்லலாம், இன்னொரு பயாப்சிக்குக் காத்திருக்கும் நாட்களில் கொஞ்சம் மிச்சமாகும்.